தடை எதை மாற்றுகிறது?

இடது கையால் சோற்றில் கை வைத்த குழந்தையின் மணிக்கட்டைத் தட்டிவிடாத பாட்டி நம் ஊரில் அபூர்வம். பிரசாதம் வாங்குவது, பணம் கொடுப்பது, முதலெழுத்தை அரிசியில் எழுதுவது எல்லாமே வலது கைக்கு உரியவை. இடது கைக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயரைச் சபையில் சொல்லக்கூட முடியாது. இவ்வளவு தட்டுப்பட்டும் வகுப்புக்கு ஓரிருவர் இடது கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் இத்தனை தலைமுறையாகத் தட்டியது எதைச் சாதித்தது?

அதை அளக்கும் வாய்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1986-ல் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ இதழ், சுரண்டினால் வாசனை வரும் அட்டையொன்றை வாசகர்களுக்கு அனுப்பி அவர்களுடைய மூக்கைச் சோதித்தது. கூடவே வயதையும் எழுதும் கையையும் கேட்டிருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அட்டையை நிரப்பி அனுப்பினார்கள். கில்பர்ட், வைசாக்கி என்ற இரு வாசனை ஆய்வாளர்கள் அந்தக் குவியலைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் இடக்கையர் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். பள்ளிகளில் கண்டிப்பு தளரத் தளர எண்ணிக்கை ஏறியது. நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர்களிடம் ஏறத்தாழ 12-ஐத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது.

ஏறியதைவிட நின்றதுதான் முக்கியம் என்பேன். வலக்கையரைத் தடைதான் உருவாக்கியது என்றால், தடை போனதும் கணக்கு பாதிக்குப் பாதியை நோக்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இருந்தவர்கள் வெளியே தெரிந்தார்கள், அவ்வளவுதான். பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பர் கருவிலிருக்கும் சிசுக்களை அல்ட்ராசவுண்டில் பார்த்து, எந்தக் கட்டைவிரலைச் சப்புகின்றன என்று குறித்துவைத்தார். அவர்களில் 75 பேரைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி தேடிப்பிடித்தார். கருவில் வலது விரல் சப்பிய 60 பேரும் வலக்கையர்கள். இடது விரல் சப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர்கள். கருப்பைக்குள் கையைத் தட்டிவிடப் பாட்டி இல்லை. ஜெர்மனியில் இன்னொரு சோதனை நடந்தது. சிறு வயதில் வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள் வலது கையால் எழுதும்போது மூளையைப் படமெடுத்தார்கள். பல பத்தாண்டுகள் வலது கையால் எழுதிப் பழகியும், இடக்கையருக்கு வேலை செய்யும் வலப்பக்க மூளைப் பகுதிகள் சும்மா இருக்கவில்லை.

கையைப் பற்றி இவ்வளவு பேசியது காதலைப் பற்றிப் பேசத்தான். ஓர் ஆணுக்கு ஆண் மீதும், ஒரு பெண்ணுக்குப் பெண் மீதும் ஈர்ப்பு வருவது பிறவியிலேயே உள்ளதா, அல்லது சமூகத்தின் விதிகளும் விலக்குகளும் செய்வதா? இந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பிலும் உரத்த பதில்கள் உண்டு. ‘எல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், பார்த்துப் பழகுவது’ என்பது ஒன்று. ‘மனிதர்கள் எல்லோருமே இயல்பில் இரு பாலரையும் விரும்பக்கூடியவர்கள், தடைதான் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது’ என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரி போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன: ஈர்ப்பின் திசையைச் சமூகம் வளைக்க முடியும் என்பதே அது.

சோதித்துப் பார்க்கும் முன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். யார் மீது மனமும் உடலும் நாடுகின்றன என்பது பாலீர்ப்பு. யாரோடு உறவு கொள்கிறார் என்பது நடத்தை. தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது அடையாளம். தன்பாலீர்ப்பு உள்ள ஒருவர் ஊரறியக் கல்யாணம் செய்து பிள்ளை பெற்று, வாய் திறக்காமலே வாழ்ந்து முடித்துவிடலாம். அவருடைய நடத்தையும் அடையாளமும் ஒரு பக்கம், ஈர்ப்பு இன்னொரு பக்கம். தான் ஆணா பெண்ணா என்று ஒருவர் உணரும் பாலின அடையாளம் இதிலிருந்து வேறு. திருநர் பற்றிய அந்தக் கேள்வி இங்கே வரவில்லை.

நடத்தையையும் அடையாளத்தையும் தடை ஆட்டிவைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் தம்மைத் தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் என்று சொல்லிக்கொண்ட பெரியவர்கள் 2012-ல் 3.5 விழுக்காடு, 2024-ல் 9.3 விழுக்காடு என்கிறது கேலப் நிறுவனம். பன்னிரண்டு ஆண்டில் மனித உடல் இப்படி மாறாது. மாறியது சொல்லும் துணிச்சல். ஏற்றத்தின் பெரும்பகுதி இருபாலீர்ப்பு என்ற அடையாளத்தில்தான். ஆண்கள் மீது மட்டுமே ஈர்ப்புள்ள ஆண்கள் என்றும் சிறு பங்குதான்.

சொல்லத் துணியாதவர்களை எப்படி எண்ணுவது? சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 2013-ல் கூகுள் தேடல்களை எண்ணினார். தேடல் பெட்டியிடம் யாரும் பொய் சொல்வதில்லை. முகநூலில் வெளிப்படையாக இருக்கும் தன்பாலீர்ப்பு ஆண்களின் பங்கு மாநிலத்துக்கு மாநிலம் வெகுவாக மாறுபட்டது: தாராள மனப்பான்மை உள்ள மாநிலங்களில் அதிகம், இறுக்கமான தென் மாநிலங்களில் குறைவு. ஆனால் ஆண்கள் தேடும் ஆபாசப் படங்களில் ஆண்-ஆண் படங்களின் பங்கு எல்லா மாநிலங்களிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு. ‘என் கணவர்...’ என்று தொடங்கும் சந்தேகக் கேள்விகளில் அதிகம் தேடப்பட்டது, கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பா என்பதல்ல. அவர் ஆண்களை விரும்புபவரா என்பதுதான். இந்தக் கேள்வியும் அந்தத் தென் மாநிலங்களில்தான் கூடுதல். மூடி வைத்த இடத்தில் மனைவிகளுக்குத்தான் தூக்கம் போயிருக்கிறது.

பார்த்துப் பழகுவது என்ற வாதத்துக்குப் பிரிட்டனிலிருந்து ஒரு விடை கிடைத்தது. 1990-91-ல் ஏறத்தாழ 19,000 பேரிடம் பாலுறவுப் பழக்கங்கள் பற்றிக் கேட்ட பெரிய கணக்கெடுப்பு அது. தாட்சர் அரசு பணம் தர மறுத்ததால், வெல்கம் அறக்கட்டளை தந்த நிதியில்தான் நடந்தது. கேள்வி கேட்பதற்கே தடை இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆண்கள் மட்டும் படிக்கும் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவர்களுக்கு, வாழ்வில் எப்போதோ ஒருமுறை ஆணோடு அனுபவம் இருந்ததற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் கடந்த ஐந்தாண்டில் ஆண் துணை இருந்ததா என்று கேட்டபோது வித்தியாசம் மறைந்துவிட்டது. விடுதி நடத்தையைத் தொட்டது; ஈர்ப்பு தன் பாதையிலேயே போனது.

ஈர்ப்பின் திசையையே வளர்ப்பு மாற்றுமா என்று சோதிக்க, ஒரு குழந்தையைப் பிறந்ததிலிருந்து முற்றிலும் வேறுவிதமாக வளர்க்க வேண்டும். எந்த விஞ்ஞானிக்கும் அந்த உரிமை கிடையாது. ஆனால் மருத்துவத்தின் தவறான நம்பிக்கை அந்தக் கொடுமையைத் தானே செய்துவிட்டது. கனடாவின் வினிபெக் நகரில் 1965-ல் பிறந்த டேவிட் ரைமருக்கு, எட்டு மாதத்தில் சுன்னத்து சிகிச்சை விபத்தில் ஆணுறுப்பு அழிந்துபோனது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஜான் மணி என்ற உளவியலாளர், சிறுவயதில் எப்படி வளர்க்கிறோமோ அப்படியே பாலினம் அமையும் என்று நம்பியவர். அவர் யோசனைப்படி குழந்தையை அறுவை சிகிச்சை செய்து பெண்ணாக வளர்த்தார்கள். அவர் வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தபோதே குழந்தை பாவாடையைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தது. 14 வயதில் உண்மை தெரிந்ததும் ரைமர் ஆணாக வாழத் தொடங்கினார். பின்னர் ஒரு பெண்ணை மணந்தார். 2004-ல் தற்கொலை செய்துகொண்டார்.

ஒரு கதையை வைத்து முடிவு கட்டக்கூடாது. பிறவிக் குறைபாட்டாலோ விபத்தாலோ இப்படிப் பெண்ணாக வளர்க்கப்பட்டு, வளர்ந்த பிறகு ஈர்ப்பு பதிவான ஆண்களின் மருத்துவக் குறிப்புகளை மைக்கேல் பெய்லியும் சகாக்களும் 2016-ல் தொகுத்தார்கள். மொத்தம் ஏழே பேர். பாவாடை, பொம்மை, பெண்பிள்ளைப் பெயர், பெற்றோரின் உறுதி எல்லாம் இருந்தும் ஏழு பேருக்கும் ஈர்ப்பு முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ பெண்கள் மீதே இருந்தது. வளர்ப்புதான் திசையைத் தீர்மானிக்கும் என்றால் இவர்கள் ஆண்களை விரும்பியிருக்க வேண்டும். ஏழு சிறிய எண்தான். ஆனாலும் இந்த விவாதத்தில் இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

வளர்ந்தவர்களை மாற்றும் முயற்சிகளும் இதையே சொல்கின்றன. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியபோது அதற்கு முன்னின்றவர் ராபர்ட் ஸ்பிட்சர். அதே ஸ்பிட்சர் 2003-ல், ‘மாற்று சிகிச்சை’ பெற்ற 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலருக்கு ஈர்ப்பு மாறியிருக்கிறது என்று எழுதினார். பேசியவர்களில் பெரும்பாலோரை அனுப்பிவைத்தவை அந்தச் சிகிச்சையை ஆதரிக்கும் அமைப்புகள். அவர்கள் சொன்னதைத் தவிர வேறு சோதனை கிடையாது. நோயாளிகளின் சொல்லை நம்பியது தவறு என்று 2012-ல் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு, ஜெபத்தால் மாற்றலாம் என்று சொல்லிவந்த ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பும் கடையைக் கட்டியது. தம்மிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ விரும்பிய இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் மருத்துவ முயற்சிகளைத் தடைசெய்தார்.

அப்படியானால் மரபணுவா? ‘பிறவியிலேயே’ என்றதும் நாம் மரபணு என்றே எடுத்துக்கொள்கிறோம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து உண்டாகும் ஒருகரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றே. ஈர்ப்பு முழுக்க மரபணுவில் இருந்தால், ஒருவர் தன்பாலீர்ப்பினர் என்றால் மற்றவரும் அப்படியே இருக்க வேண்டும். 1991-ல் வந்த ஆய்வு பாதிக்குப் பாதி பொருந்துவதாகச் சொன்னது. ஆனால் ஆய்வுக்கு ஆள் சேர்க்கத் தன்பாலீர்ப்பினர் படிக்கும் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். இரட்டையர் இருவரும் அப்படி இருந்தால், விளம்பரம் கண்ணில் பட்டதும் பதில் எழுத அதிகம் தோன்றும். இரட்டையர் பதிவேட்டிலிருந்து ஆளெடுத்த ஆஸ்திரேலிய ஆய்வில் அது ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. 2010-ல் சுவீடனில் ஏறத்தாழ 3,800 இணைகளை ஆராய்ந்து, ஆண்களிடையே உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு 34 முதல் 39 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். வீட்டுக்கும் ஊருக்கும் பொதுவான சூழலின் பங்கு பூஜ்யம். மிச்சம் முழுவதும் ‘தனிச்சூழல்’.

இந்தத் தனிச்சூழல் என்ற பெயரைப் பார்த்து நண்பர் வட்டம், சினிமா, செல்போன் என்று நினைத்துவிடக் கூடாது. இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த எதுவும் அதற்குள் வரும். கருப்பையில் ஒருவர் கிடந்த இடம், இரத்த ஓட்டத்தில் சிறு வேறுபாடு, மூளை உருவாகும்போது நேரும் தற்செயல் எல்லாம் அடங்கும். எழுதும் கையிலும் இதே கதைதான்: ஒருகரு இரட்டையரில் ஒருவர் வலக்கையராகவும் ஒருவர் இடக்கையராகவும் இருக்கும் இணைகள் ஏராளம். பிறவியில் வருவது வேறு, மரபணுவில் வருவது வேறு.

2019-ல் அந்திரேயா கன்னாவும் சகாக்களும் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தொகுதியைச் சலித்தார்கள். தன்பால் உறவோடு தொடர்புள்ள ஐந்து இடங்கள் தெளிவாக அகப்பட்டன. அவற்றில் ஒன்று ஆண்களின் வழுக்கையோடும் தொடர்புடைய பகுதி. தனித்தனியே கண்டுபிடிக்க முடியாத ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளையும் சேர்த்தால் 8 முதல் 25 விழுக்காடுவரை விளக்கலாம். எவருடைய எச்சிலையும் பரிசோதித்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வில் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: ‘உங்கள் பாலைச் சேர்ந்த ஒருவருடன் எப்போதாவது உறவு கொண்டதுண்டா?’ இது நடத்தை. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் 40 வயது தாண்டியவர்கள். ஆண்களின் தன்பால் உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். தடை இருந்த காலத்தில் அதை மீறத் துணிந்தவர்களின் மரபணுக்களில், ஈர்ப்பும் துணிச்சலும் கலந்தே அளக்கப்பட்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் அண்ணன்களைப் பற்றியது. 1996-ல் ரே பிளான்சர்டும் ஆந்தனி போகார்ட்டும் கனடாவில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். தன்பாலீர்ப்பு ஆண்களுக்குச் சராசரியில் அண்ணன்கள் அதிகம். அக்காக்களின் எண்ணிக்கையால் மாற்றமில்லை. தம்பி தங்கைகளாலும் இல்லை. ஒவ்வோர் அண்ணனும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறார். அண்ணனே இல்லாதவரிடம் வாய்ப்பு நூற்றுக்கு 2 என்று வைத்தால், ஓர் அண்ணன் இருந்தால் 2.6, இருவர் இருந்தால் 3.5, மூவர் இருந்தால் 4.6. நான்காவது மகனிலும் நூற்றுக்கு 95 பேர் பெண்களையே விரும்புவார்கள் என்பதை மறக்க வேண்டாம். பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக் கவலைப்பட இதில் ஒன்றுமில்லை.

அண்ணன்கள் நிறைந்த வீட்டில் வளர்வதுதான் காரணமோ? நியாயமான சந்தேகம். 2006-ல் போகார்ட், தத்தெடுக்கப்பட்டவர்கள், பெற்றோரின் மறுமணத்தால் வேறு குடும்பத்தில் வளர்ந்தவர்கள் உள்ளிட்ட 944 ஆண்களைப் பார்த்தார். ஒரே வீட்டில் பல ஆண்டுகள் சேர்ந்து வளர்ந்தும் ஒரே தாய் வயிற்றில் பிறக்காத அண்ணன்களால் எந்த விளைவும் இல்லை. ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாத, ஒரே தாயின் வயிற்றில் முன்னால் பிறந்த அண்ணன்களால் விளைவு இருந்தது. ஆக இடம் வீடு இல்லை, கருப்பை. அண்ணன்களை நினைவு வைத்திருப்பது தாயின் உடல்.

உடல் எப்படி நினைவு வைக்கும்? இரத்த வகை நெகட்டிவ் உள்ள தாய்மார்களுக்கு இது பழகிய சங்கதி. முதல் குழந்தை பாசிட்டிவ் என்றால் தாயின் இரத்தம் அதன் அணுக்களை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் தயாரிக்கும், அடுத்த குழந்தைக்கு அது ஆபத்து, அதனால்தான் ஊசி போடுகிறார்கள். ஆண் கருவில் ஒய் குரோமோசோம் உண்டு. தாயிடம் அது கிடையாது. அதிலிருந்து வரும் புரதங்களும் தாய்க்கு அந்நியம். மூளை நரம்புகள் இணையும் இடத்தில் வேலை செய்யும் நியூரோலிஜின்-4-ஒய் அவற்றில் ஒன்று. 2018-ல் போகார்ட் குழு தாய்மார்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, அண்ணன்கள் உள்ள தன்பாலீர்ப்பு மகன்களின் தாய்மார்களிடம் இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தது. ஆய்வு சிறியது. அண்ணன் விளைவே புள்ளிவிவரக் கணக்கின் பிழை என்று வாதிடும் ஒரு கட்டுரையும் 2023-ல் வந்திருக்கிறது. எதிர்த்தரப்பு இருப்பது நல்லதுதான். நல்ல கருதுகோளுக்கு நல்ல எதிரி வேண்டும்.

சமூகத் தடையே இல்லாத விலங்குகளிடமும் இது உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் ரோசெல்லி ஆராய்ந்த ஆட்டுக்கிடாக்களில் ஏறத்தாழ 8 விழுக்காடு, பெண் ஆடுகள் பக்கத்தில் நின்றாலும் கிடாக்களையே நாடின. கிடாவுக்கு மதமும் கிடையாது, மாமியாரும் கிடையாது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி ஆண்களைப் பற்றியது என்று கவனித்திருப்பீர்கள். பெண்கள் விஷயத்தில் கதை இவ்வளவு நேராக இல்லை. சுவீடன் இரட்டையர் கணக்கில் பெண்களிடம் மரபின் பங்கு பாதியாகக் குறைந்து, பொதுச்சூழலுக்கு 16 விழுக்காட்டை ஒட்டிய இடம் கிடைத்தது. லிசா டயமண்ட் 79 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து சந்தித்தபோது மூன்றில் இருவர் தம் அடையாளத்தை ஒருமுறையேனும் மாற்றிச் சொல்லியிருந்தார்கள். மாற்றிக்கொண்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, மாறிவிட்டது என்றார்கள். மாற்று சிகிச்சைக்காரர்கள் தன் ஆய்வைத் துணைக்கு இழுத்தபோது டயமண்ட் கடுமையாக மறுத்தார். தடைக்கு ஈர்ப்பில் ஏதேனும் பங்கு இருந்தால் அதைத் தேட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதே சமயம், கருவிலேயே ஆண் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் அட்ரினல் கோளாறோடு பிறந்த பெண்களில், பெண்கள் மீது ஈர்ப்புள்ளவர்கள் வழக்கத்தைவிட அதிகம். ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்களையே விரும்புகிறார்கள். ஹார்மோன் ஒரு பங்கு, முழுக்கதை இல்லை.

2001-ல் உலகிலேயே முதலாவதாகத் தன்பால் திருமணத்தைச் சட்டமாக்கிய நெதர்லாந்தில், ஏறத்தாழ 90 லட்சம் பேரின் அரசுப் பதிவேடுகளை 2022-ல் ஒரு குழு அலசியது. அண்ணன் விளைவு அங்கேயும் தெரிந்தது. ஆனால் எதிர்பாராத விதமாக, பெண்ணை மணந்த பெண்களிடமும் அது தெரிந்தது. மகளுக்கு ஒய் குரோமோசோம் இல்லை. அதன் புரதத்துக்கு எதிராகத் தாய் தயாரித்த எதிர்ப்பொருள் மகளின் மூளையில் எதைப் பிடிக்கும்? எதிர்ப்பொருள் விளக்கத்தைக் கொடுத்தவர்கள் இனி இதற்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டும்.